புருவப் பச்சை: மறுபடி எப்போது தொடலாம், எப்போது தொடாமல் விடலாம்

நம் பாட்டிமார் தலைமுறையின் முன்கைகளில் இருந்த புள்ளிக் கோலங்களையும் தேள் உருவங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள்கூட, "பச்சை குத்துதல்" என்ற பெயருக்குள் ஒரு புதிர் இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஊர் ஊராக வந்து பச்சை குத்திய குறவர் பெண்களின் மை பெரும்பாலும் கரியால் ஆனது. கரி கறுப்பு, குத்திய அன்று அது கறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கறுப்பு நீலமும் பச்சையும் கலந்த நிறத்துக்குப் போய்விட்டது. குத்திய மையின் நிறத்தை விட்டுவிட்டு, தோலில் கடைசியாகத் தங்கிய நிறத்தையே மக்கள் பெயராக வைத்தார்கள். தோலுக்குள் இருக்கும் கரித்துகளை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை. மேலே இருக்கும் தோல் என்ற மங்கலான திரையின் வழியாகவே பார்க்கிறோம். அந்தத் திரை நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது; சிவப்பு ஒளி ஆழமாகச் சென்று கரியால் விழுங்கப்பட்டுவிடுகிறது. மணிக்கட்டு நரம்பில் ஓடும் கருஞ்சிவப்பு இரத்தம் பச்சையாகத் தெரிவதற்கும் ஏறத்தாழ இதுவே காரணம்.

இன்று அழகு நிலையங்களில் மைக்ரோபிளேடிங், பவுடர் பிரோஸ், ஆம்ப்ரே பிரோஸ் என்று பல பெயர்களில் விற்கப்படும் புருவ வேலை அனைத்தும் அடிப்படையில் பச்சை குத்துதலே. கருவி மாறியிருக்கிறது, மை மாறியிருக்கிறது, குத்தும் ஆழம் குறைந்திருக்கிறது. ஒளியின் விதியும் தோலின் இயல்பும் மாறவில்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், "டச்-அப்" எனப்படும் மறுபூச்சை எப்போது செய்துகொள்வது என்ற கேள்விக்கு நிலையத்தின் விலைப்பட்டியலைவிட நல்ல விடை கிடைக்கும்.

மைக்ரோபிளேடிங்கில் வரிசையாகப் பதித்த நுண்ணிய ஊசிகள் சேர்ந்து ஒரு சிறு கத்திபோல் அமைந்த கைக்கருவியால், ஒவ்வொரு முடியையும் போலத் தோன்றும் மெல்லிய கீறல்கள் இடப்பட்டு, அவற்றுக்குள் நிறமி தேய்க்கப்படுகிறது. பவுடர் முறையில் கீறல் கிடையாது. மின்கருவியின் ஊசி நெருக்கமான புள்ளிகளாக நிறத்தை இறக்குவதால், பென்சிலால் தீட்டியதுபோன்ற மென்மையான நிழல் விழுகிறது. இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு. எந்த முறையாக இருந்தாலும் நிறமி சேர வேண்டிய இடம் ஒன்றுதான்: மேல்தோலைத் தாண்டி, அதன் கீழே உள்ள உட்தோலின் மேல் விளிம்பு. முகத்தின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய தடிமனே உடையது. ஏறத்தாழ நான்கு வாரங்களில், வயதானவர்களுக்கு அதைவிடக் கூடுதலான காலத்தில், அது அடியிலிருந்து முளைத்து மேலே வந்து உதிர்ந்துவிடுகிறது. அதில் தங்கிய நிறமி அதோடு உதிர்ந்துபோகும். மிக ஆழமாக இறங்கிய நிறமி பாட்டியின் கைப் பச்சையைப் போல நீலம் பாய்ந்து, ஓரங்கள் பரவி, பல்லாண்டுகள் இருந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய இடைவெளியில் கை நிற்பதுதான் இந்தத் தொழிலின் முழுத் திறமையும்.

உட்தோலில் இறங்கிய துகள்கள் அங்கே சும்மா கிடப்பதில்லை. உடலின் காவல் செல்களான பெருவிழுங்கிகள் அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்கிக்கொள்கின்றன. ஆனால் செரிக்க முடியாமல் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை அழகாகக் காட்டியது. எலியின் வாலில் பச்சை நிற மையைக் குத்தி, பிறகு மையை ஏந்தியிருந்த செல்களை மட்டும் அவர்கள் அழித்தார்கள். பச்சை மறையவில்லை, இறந்த செல்கள் கைவிட்ட துகள்களைப் புதிதாக வந்த செல்கள் அதே இடத்தில் விழுங்கிக்கொண்டன. ஆக, தோலில் நிறம் நிலைப்பது ஒரு தொடர் கைமாற்றத்தால். ஒவ்வொரு கைமாற்றத்திலும் மிகச் சிறிய துகள்கள் சில நிணநீர் என்னும் தெளிந்த உடல்திரவத்தின் வழியாக வெளியேறும், சில ஒளியால் சிதையும், பெரிய துகள்கள் தங்கும். "அரைநிரந்தரம்" என்ற விளம்பரச் சொல்லை நான் ஐயத்துடன் பார்ப்பதற்கு இதுவே காரணம். வடிவம் மங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இட்ட பொருள் முழுவதும் வெளியேறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. மறுபூச்சு என்பது வெறும் சுவரில் அடிக்கும் புதுச் சுண்ணாம்பு ஆகாது. ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும் இடத்தில் மேலும் கொஞ்சம் சேர்ப்பது அது.

முதல் மறுபூச்சுக்கான காலத்தைத் தோலே வகுத்துக் கொடுக்கிறது. வேலை முடிந்த அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் புருவம் எதிர்பார்த்ததைவிட மிகக் கறுப்பாக, கோடு போட்டதுபோல இருக்கும். ஐந்தாம் நாளை ஒட்டித் தொடங்கி பத்து நாள் வரை மெல்லிய செதில்கள் உதிரும். அவற்றோடு நிறமும் போய்விட்டதுபோல இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் புருவம் வெளிறிக் காணப்படும். பலர் பதறுவதும், செய்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் இந்த வாரங்களில்தான். உண்மையில் நடப்பது வேறு. காயத்தின்மேல் அவசரமாக முளைத்த புதிய மேல்தோல் இன்னும் ஒழுங்குபடாமல், வழக்கத்தைவிடத் தடித்தும் கலங்கியும் இருக்கிறது. அடியில் உள்ள நிறத்தை அது உறைபனி படிந்த கண்ணாடிபோல மறைக்கிறது. நான்கு முதல் ஆறு வாரங்களில் அந்தத் தோல் தெளிந்ததும் நிறம் மெல்லத் திரும்பி வரும். எனவேதான் முதல் மறுபூச்சு பொதுவாக 6 முதல் 8 வாரங்களுக்குப் பிறகு வைக்கப்படுகிறது. மூன்றாவது வாரத்தில் வெளிறியிருப்பதைப் பார்த்து மேலும் நிறம் சேர்த்தால் இரண்டு தவறுகள் ஒரே நேரத்தில் நிகழும்: ஆறாத தோலை மறுபடி காயப்படுத்துவோம், திரும்பி வரவிருந்த நிறத்தின்மேல் இன்னொரு படலம் ஏற்றிவிடுவோம். வயது கூடியவர்களுக்கும் ஆறுவதற்கு நாள் எடுக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கும் பத்து வாரம் காத்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை.

இந்த முதல் மறுபூச்சைக் கூடுதல் செலவென்று நினைத்துத் தவிர்ப்பவர்கள் உண்டு. அது பாதி வேலையோடு எழுந்து போவதற்குச் சமம். முதல் அமர்வில் எந்தத் தோல் எவ்வளவு நிறத்தை ஏற்கும் என்பது யாருக்கும் தெரியாது. சில இடங்களில் கீறல்கள் பிடிக்காமல் இடைவெளி விழும், ஒரு புருவம் மற்றதைவிட மங்கும், வால்பகுதி பெரும்பாலும் முதலில் தேயும். நல்ல கைக்காரர் முதல் அமர்வில் வேண்டுமென்றே குறைவாக இடுவார். குறைவாக இட்டதைக் கூட்டுவது ஒரு மணி நேர வேலை. கூடுதலாக இட்டதைக் குறைக்க லேசர் தேவைப்படும்.

ஆறும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைவிடச் செய்யக் கூடாதவையே கூடுதல். முதல் சில மணி நேரங்களில் கசியும் நிணநீரைச் சுத்தமான, ஈரமான பஞ்சால் ஒற்றி எடுத்தால் கெட்டியான பொருக்கு கட்டாது; பொருக்கு கட்டினால் அது பெயர்ந்து விழும்போது நிறத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். தடவச் சொன்ன களிம்பை அரிசி மணி அளவு எடுத்து மிக மெல்லியதாகத் தடவினால் போதும். வழவழவென்று பூசி மூடுவது தோலை ஊறவைத்துக் கெடுக்கும். அரிப்பெடுக்கும்போது சொறிவதும் செதிலை நகத்தால் உரிப்பதும்தான் புருவத்தில் வெள்ளை ஓட்டைகள் விழுவதற்கு முதன்மைக் காரணம்.

இவை எல்லா ஊருக்கும் பொது. நம் ஊர்ப் பழக்கங்களுக்கென்று சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெளிநாட்டில் அச்சிட்டு வரும் பராமரிப்புச் சீட்டுகளில் இவை இருப்பதில்லை. மஞ்சள் பூசிக் குளிப்பது, கடலை மாவோ பயத்தம் மாவோ தேய்த்து முகம் கழுவுவது, எண்ணெய்க் குளியல், அதன்பின் சீயக்காய் நெற்றி வழியாக வழிவது ஆகிய அனைத்தும் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நிறுத்தப்பட வேண்டும். மாவு வகைகள் நுண்ணிய உரைபொருளாகச் செயல்படும். எண்ணெயும் சீயக்காயும் ஆறாத தோலை எரிச்சலூட்டும். நெற்றியில் இடும் திருநீறும் குங்குமமும் வியர்வையில் கரைந்து புருவத்துக்குள் இறங்கக்கூடியவை. சில நாட்களுக்குச் சிறு ஒட்டுப் பொட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மருத்துவக் குணம் உண்டென்று நம்பி ஆறாத புருவத்தில் மஞ்சளையே அப்புவோரும் இருக்கிறார்கள். திறந்த காயத்தில் சமையலறைப் பொடி எதற்கும் இடமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலோ மதுரையிலோ வெயிலில் அலையும் வேலை உள்ளவர், முடிந்தால் இந்த வேலையை வெயில் தணிந்த மாதங்களுக்குத் தள்ளிவைக்கலாம், ஏனெனில் முதல் பத்து நாட்களில் வியர்வையும் வெயிலும்தான் பெரிய எதிரிகள். திரெடிங்கை நான்கு வாரம் கழித்தே தொடங்க வேண்டும். ப்ளீச்சும் ஃபேஷியலும் அதன்பிறகும் புருவத்தை விட்டு விலகியே இருக்க வேண்டும்.

இனி ஆண்டுக்கணக்கில் வரும் மறுபூச்சைப் பார்ப்போம். உண்மையான குழப்பம் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான நிலையங்கள் 12 முதல் 18 மாதங்களுக்குள் வந்தால் மறுபூச்சுக் கட்டணம், அதைத் தாண்டினால் புதிய வேலைக்கான கட்டணம் என்று வகுத்திருக்கின்றன. இது வணிக நாட்காட்டி. அதில் குற்றமில்லை, தொழில் நடக்க வேண்டும். ஆனால் சலுகை முடிந்துவிடுமே என்று, நன்றாகவே இருக்கும் புருவத்தின்மேல் மறுபடி நிறம் ஏற்றிக்கொள்பவர்கள், தள்ளுபடியில் வாங்கிய தேவையற்ற பொருளை வீட்டில் சேர்ப்பதுபோலத் தோலில் நிறமியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் சேர்ந்ததைத் தூக்கிப் போடலாம்.

தோலின் நாட்காட்டி ஆளுக்கு ஆள் மாறும். எண்ணெய்ப் பசை மிகுந்த தோலில் மைக்ரோபிளேடிங் கீறல்கள் ஓராண்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து மங்கலாகிவிடும். வறண்ட தோலில் அதே கீறல்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் தெளிவாக நிற்கும். பவுடர் முறை பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகள்கூடத் தாங்கும். நம் நாட்டில் எண்ணெய்ப் பசையுள்ள தோலும் ஈரப்பதமான வானிலையும் சேர்ந்திருப்போர் மிகுதி என்பதால், அவர்களுக்கு முடிபோன்ற கீறல்களைவிடப் பவுடர் நிழலே பொருத்தம் என்பது என் கருத்து. படத்தில் பார்க்கும்போது கீறல்கள்தான் மனத்தைக் கவரும். அந்தப் படங்கள் பெரும்பாலும் வேலை முடிந்த பத்தாவது நிமிடத்தில் எடுக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. ஓராண்டு கழித்து எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதே அறிவுடைமை.

மங்கும் வேகத்தைக் கூட்டுபவற்றில் முதலிடம் வெயிலுக்கு. புறஊதாக் கதிர்கள், குறிப்பாகக் கரிம நிறமிகளின் மூலக்கூறுகளை உடைக்கின்றன. அடுத்து வருபவை, முகப்பொலிவுக்கென்று நாமே விரும்பிப் பூசிக்கொள்ளும் ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், லாக்டிக் அமிலம் போன்றவை. மேல்தோல் உதிரும் வேகத்தைக் கூட்டுவதுதான் அவற்றின் வேலை, அவை புருவத்துக்கும் நெற்றிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் செய்பவரிடம் புருவத்தில் நிறமி இருப்பதை முன்கூட்டியே சொல்லாமல் போய், ஒரே மாதத்தில் நிறத்தை இழந்தவர்கள் உண்டு. குளோரின் கலந்த நீச்சல் குளமும் தன் பங்கைச் செய்யும். இவற்றுக்கு மாற்று கடினமானதன்று: தோல் முழுதாக ஆறிய பிறகு, வெளியே கிளம்பும்போது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் புருவத்தின்மேலும் தடவுவது, இரவுக் க்ரீமைப் புருவத்துக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்திக்கொள்வது. மறுபூச்சைத் தள்ளிப்போட இதைவிட மலிவான வழி இல்லை.

எப்போது போக வேண்டும் என்பதைக் கண்டறிய நான் பரிந்துரைக்கும் முறை மிக எளியது. முதல் மறுபூச்சு ஆறி முடிந்ததும், காலை வெளிச்சத்தில் ஒரே சன்னலருகே நின்று, ஒப்பனை ஏதுமின்றி, படத்தை அழகூட்டும் ஃபில்டர்கள் எதுவும் இல்லாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிட வேண்டும். நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் கண், மங்குவதை ஒன்று மிகைப்படுத்தும் அல்லது அறவே கவனிக்காது. ஆரம்ப நிறத்தில் பாதியளவு குறைந்து, வடிவம் மட்டும் இன்னும் தெளிவாக நிற்கும் கட்டமே மறுபூச்சுக்கு உகந்த நேரம். அப்போது பழைய எல்லைக்கோடு வழிகாட்டும், குறைந்த நிறமி போதும், தோலுக்கும் காயம் குறைவு. எல்லை முழுவதும் அழியும்வரை விட்டுவிட்டால் வடிவத்தை முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும். அதில் பெரிய தீங்கில்லை, செலவு மட்டும் கூடும். ஆனால் நிறம் பெருமளவு இருக்கும்போதே மேலும் மேலும் ஏற்றுவதில் தீங்குண்டு. நிறமி தேங்கிய தோலில் முடிபோன்ற கோடுகளுக்கு இடையே இருந்த வெற்றிடம் அடைபட்டு, புருவம் ஒரே பட்டையாக இறுகிவிடும்.

மங்குவது ஒரு சிக்கல் என்றால், நிறம் மாறுவது இன்னொன்று. புருவ நிறமிகளில் பொதுவாக மூன்று வகைப் பொருள்கள் இருக்கின்றன. சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய இரும்பு ஆக்சைடுகள் ஒன்று. கரியும், செயற்கைச் சாயங்களான அசோ வகை முதலான கரிம நிறமிகளும் இரண்டு. நிறத்தை வெளிறச் செய்யவும் அடியில் இருப்பதை மறைக்கவும் சேர்க்கும் வெள்ளையான டைட்டானியம் டையாக்சைடு மூன்று. பழுப்பு என்று நாம் பார்ப்பது இவற்றின் கலவை, கலவையில் உள்ளவை ஒரே வேகத்தில் தோலை விட்டு நீங்குவதில்லை. இரும்பு ஆக்சைடு மிகுந்த பழுப்பு, காலப்போக்கில் செங்கல் நிறமாகவோ ஆரஞ்சாகவோ முடிகிறது. கரி மிகுந்த பழுப்பில் சூடான நிறங்கள் முதலில் போய், கரி மட்டும் தங்கி, சாம்பலும் நீலமுமாக முடிகிறது. பாட்டியின் பச்சை இப்போது நெற்றிக்குக் கீழே வந்து அமர்ந்துகொள்கிறது. டைட்டானியம் கலந்த வெளிர் நிறங்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் வெண்மஞ்சள் நிழலாக நிற்கலாம்.

இதனால் மறுபூச்சுக்குப் போகும்போது, எவ்வளவு மங்கியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பது போதாது. எந்த நிறத்துக்கு மங்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சாம்பல் நீலமாகிவிட்ட புருவத்தின்மேல் மறுபடி கரும்பழுப்பை ஏற்றினால் இன்னும் ஆழமான சாம்பலே கிடைக்கும். அதற்கு முதலில் ஆரஞ்சுச் சாயலுள்ள திருத்த நிறம் மெல்லியதாக இடப்பட வேண்டும். சிவந்துவிட்ட புருவத்துக்குப் பச்சைச் சாயல் கலந்த பழுப்பு தேவைப்படும். இந்தத் திருத்தமும் ஒருமுறை, இருமுறைதான் பலிக்கும். ஒவ்வொரு திருத்தமும் தோலில் ஒரு படலத்தைச் சேர்க்கிறது. மூன்றாவது முறையும் திருத்த வேண்டிய நிலை வந்தால், சேர்ப்பதை நிறுத்திவிட்டு எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்பி, "இன்னும் எட்டு மாதம் மங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் நிலையம் கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பச்சை குத்தியதை அகற்றப் பயன்படும், மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளியைப் பாய்ச்சும் கியூ-சுவிட்சு லேசர், டைட்டானியம் டையாக்சைடும் சிவப்பு இரும்பு ஆக்சைடும் உள்ள நிறமியில் பட்டால், மங்குவதற்கு மாறாக அந்த நிமிடமே கறுத்துவிடக்கூடும். லேசரின் வெப்பத்தில் அந்த ஆக்சைடுகள் வேதிநிலை மாறுவதே காரணம். வெளிர் பழுப்பாக இருந்த புருவம் கண்ணெதிரே கருஞ்சாம்பலாவதைப் பார்க்க யாருக்கும் மனம் தாங்காது. எனவே முதலில் வால்பகுதியில் ஒரு புள்ளியில் மட்டும் சோதித்துப் பார்ப்பதும், கண்ணுக்குரிய காப்புக் கவசத்தோடு தோல் மருத்துவரிடம் மட்டுமே இதைச் செய்துகொள்வதும் கட்டாயம். நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருமையான தோலிலும், லேசர் தோலின் சொந்த நிறத்தையே குறைத்து வெள்ளைத் திட்டு விழச் செய்யும் வாய்ப்பும் உண்டு. பழைய நிறமியின் பெயரும் தொகுதி எண்ணும் எழுதிய சீட்டு கையில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. முதல் நாளே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி வைப்பவர்கள் மிகக் குறைவு.

கீறல் முறையில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொரு எல்லை, தழும்பு. ஒரே தடத்தில் திரும்பத் திரும்பக் கத்தி ஓடினால் அடியில் நார்த்திசு உருவாகி, தோல் பளபளப்பாகவும் கடினமாகவும் ஆகும். அந்தத் தோல் நிறத்தைச் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் பரவவிடும். நிறம் பிடிக்கவில்லையே என்று இன்னும் அழுத்திக் கீறுவது தழும்பை வளர்க்கும். இரண்டு, மூன்று முறை மைக்ரோபிளேடிங் செய்தவர் அடுத்த மறுபூச்சைப் பவுடர் முறைக்கு மாற்றிக்கொள்வது நலம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ கெலாய்டு என்னும் முண்டுத் தழும்பு வளர்ந்த அனுபவம் உள்ளவர் இந்த வேலையில் இறங்குவதற்கு முன்பே தோல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மையின் பாதுகாப்பு ஒருமுறை பார்த்து முடித்துவிடும் செய்தி ஆகாது. ஒவ்வொரு மறுபூச்சும் புதிய வெளிப்பாடு. அமெரிக்காவில் 2003, 2004 ஆண்டுகளில் சில நிரந்தர ஒப்பனை மைகளால் வீக்கமும் வெடிப்பும் முண்டுகளும் ஏற்பட்டதாக 150-க்கும் மேற்பட்ட புகார்கள் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல், பச்சை மைகளிலும் நிரந்தர ஒப்பனை மைகளிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குத் தடையோ வரம்போ விதித்தது. நல்ல மையும் கெட்ட தண்ணீரால் கெடும். சுவிட்சர்லாந்தில் ஒரே கலைஞரிடம் புருவ வேலை செய்துகொண்ட 12 பேருக்குக் காசநோய்க் கிருமியின் உறவுக்கார நுண்ணுயிரி தொற்றியதை 2011-இல் வெளியான மருத்துவ ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. அந்த நுண்ணுயிரியின் தடயம் வேலை நடந்த இடத்தின் குழாய் நீரில் கிடைத்தது. எனவே மறுபூச்சுக்கு அமரும்போது, புதிய ஊசிப் பொதி கண்முன் பிரிக்கப்படுகிறதா, நிறமியை நீர்க்கவைக்கக் குழாய் நீர் எடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை. முதல்முறை எந்த ஒவ்வாமையும் வரவில்லை என்பது இரண்டாம் முறைக்கு உறுதியும் ஆகாது. உடல் ஒருமுறை பார்த்த பொருளுக்கே ஒவ்வாமை வளர்க்கும் என்பதால், மை மாறினாலும் மாறாவிட்டாலும், சிறிதளவு மையைத் தோலில் இட்டுச் சோதிக்கும் பேட்ச் டெஸ்ட் தேவை. பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்துப் புருவத்தில் தடிப்போ முண்டோ எழுந்தால் அதை அழகு நிலையத்தின் சிக்கலாக மட்டும் கருதிவிடக் கூடாது. உடலின் பல உறுப்புகளில் அழற்சி முண்டுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் போன்ற உள்நோய் தன்னை முதலில் காட்டிக்கொள்ளும் இடங்களுள் பச்சை குத்திய தோலும் ஒன்று.

மறுபூச்சைத் தள்ளிவைக்க வேண்டிய சூழல்களும் உண்டு. கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் மறுபூச்சு வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தவர்களை அதை நிறுத்தி ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வது வழக்கம். போடாக்ஸ் போட்டுக்கொண்டவரின் புருவ உயரம் மாறியிருக்கும் என்பதால் அது நிலைபெற இரண்டு வாரமாவது தேவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கும்போதும் மருத்துவரைக் கேட்காமல் ஊசி வைக்கக் கூடாது. அந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு வருவது அதைவிடப் பெரிய ஆபத்து. புற்றுநோய்க்குக் கீமோதெரப்பி தொடங்கவிருப்பவர்கள் புருவ முடி உதிர்வதற்கு முன்னரே இதைச் செய்துகொள்ள விரும்புவது முற்றிலும் நியாயமானது. ஆனால் சிகிச்சை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே அது ஆறி முடிந்திருக்க வேண்டும். மறுபூச்சு, சிகிச்சை முடிந்து இரத்த அணுக்கள் தேறி, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே. புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு தானாக உதிர்கிறது என்று மறுபூச்சுக்கு வருபவரை முதலில் தைராய்டு சோதனைக்கு அனுப்புவது நல்லது. நிறத்தால் மறைத்த குறை, உடல் சொல்ல வந்த செய்தியாக இருந்திருக்கலாம்.

திருமணத்துக்கென்று வருபவர்கள் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். முதல்முறை செய்துகொள்பவருக்கு முதல் அமர்வு, எட்டு வார இடைவெளி, மறுபூச்சு, அது ஆற ஆறு வாரம் என்று மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆகிறது. முகூர்த்தத்துக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கினால்தான் நிதானம் இருக்கும். ஏற்கெனவே செய்தவர் மறுபூச்சை மட்டும் வைத்துக்கொள்வதானால் இரண்டு மாதம் முன்பு போதும். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் வந்து அமர்ந்துகொண்டு, செதில் உதிரும் புருவத்தோடு மேடை ஏறிய மணப்பெண்கள் உண்டு. பிறகு அந்தப் படங்களைக் கணினியில் திருத்த வேண்டியதாயிற்று.

இரண்டு சிறு செய்திகள் மிச்சம் இருக்கின்றன. இந்தியாவில் பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டுக்கு இரத்ததானம் செய்ய இயலாது, புருவ நிறமியும் ஊசி வழியே இறங்குவதுதான். எனவே ஒவ்வொரு மறுபூச்சும் அந்த ஓராண்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. தவறாமல் இரத்தம் கொடுக்கும் வழக்கம் உள்ளவர், மறுபூச்சுக்கு முந்தைய வாரம் கொடுத்துவிட்டு வரலாம். எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால், இரும்பு ஆக்சைடு உள்ள நிறமி காந்தப்புலத்தில் சிலருக்கு இலேசான சூட்டையோ வீக்கத்தையோ உண்டாக்கலாம் என்பதால், புருவத்தில் நிறமி இருப்பதை எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது மிக அரிதாக நேர்வது, பரிசோதனையையே தவிர்க்க இது காரணமாகாது. உள்ளே படுத்திருக்கும்போது புருவம் சுட்டால் கையிலுள்ள அழைப்பு விசையை அமுக்கினால் போதும்.